பாதத்தை அளந்த பின்பு பாதரட்சை



சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் நம் சபையில் ஒரு குதிரையின் காலுக்காகக் காணிக்கை சேர்த்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் குதிரை இப்போது எப்படி இருக்கிறது என்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சிலர் இன்றும் விசாரிக்கிறீர்கள். அவர்களிடம் நான் இதுவரை பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன். மறுபாதியில் என் தவறு இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும் என்று சில வாரங்களாகவே என் உள்ளத்தில் ஏவுதல் இருந்து வருகிறது.

போடியிலிருந்து முந்தலுக்கு வந்தால் சாலை இரண்டாகப் பிரிவதை அறிவீர்கள். ஒன்று வளைந்து வளைந்து ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறது. மற்றொன்று கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குப் போகிறது. குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்று ஆங்கிலப் பெயர்களை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் இடங்கள் உள்ளன. நூறு ஆண்டுகளுக்கு முன் மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடியே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு வந்தன. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1908 முதல் சிறிய ரயில்கூட ஓடியது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. கம்பிவடமும் பின்னர் இல்லாமற்போயிற்று. பொதி சுமக்கும் குதிரையும் கோவேறு கழுதையும்தாம் இந்தச் சரிவுகளில் மிஞ்சின. அரிசியும் சிமெண்டும் எரிவாயு உருளையும் அவற்றின் முதுகில் மேலே போகின்றன. காப்பிக்கொட்டையும் மிளகும் எலுமிச்சையும் இலவம்பஞ்சும் கீழே வருகின்றன. தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரையின்மேல் மலையேறும் படத்தை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள்.

நம் சபையின் சகோதரர் ஒருவர் இந்தத் தொழிலைச் செய்து குடும்பத்தை நடத்துகிறார். அவருக்கு இருப்பது ஒரே குதிரை. சாம்பல் நிறமுள்ள நாட்டுக் குதிரை. ஆகையால் அதற்கு மயிலை என்று பெயர். முன்பு அதற்கு லாடம் அடிப்பது வழக்கம். ஒருமுறை ஆணி இடம் தவறி உட்சதைக்கு அருகில் இறங்கிவிட்டது. காயம் ஆறியது, ஆனால் குளம்பின் ஓரச்சுவர் பிளந்து உதிரத் தொடங்கியது. பிளந்த சுவரில் ஆணி நிற்காது. எனவே லாடத்தைக் கழற்றிவிட்டு வெறுங்குளம்போடு ஓட்டிவந்தார். மண் பாதையில் அதனால் குறை ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் அரித்துப்போய்க் கற்கள் மேலே துருத்தியபோதுதான் மயிலை நடக்க முடியாமல் திணறியது. அடியை நீட்டி வைக்கவில்லை. பாதையின் நடுவை விட்டு, ஓரத்திலுள்ள புல்லையே தேடித்தேடி மிதித்தது.

பாறையின் மேல் குதிரை ஓடுமா என்ற பொருளில் ஆமோஸ் தீர்க்கதரிசி தம் புத்தகத்தின் 6ஆம் அதிகாரத்தில் ஒரு கேள்வி எழுப்புகிறார். அதை நான் பலமுறை பிரசங்கத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறேன். நடக்கக்கூடாத ஒன்றுக்கு அது உவமை என்று விளக்கிவிட்டு மேலே போய்விடுவேன். ஆணி அடித்த லாடம் பரவலாகாத அந்தக் காலத்தில், ஆமோஸின் சொற்களைக் கேட்டவர்கள் கல்லில் குளம்பு தேய்ந்து நொண்டிய குதிரையைக் கண்ணால் கண்டவர்களாக இருந்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. குரங்கணிப் பாதையில் மயிலையின் பின்னே நடந்த அன்றுதான் தோன்றியது. அன்று அந்தச் சகோதரர் பொதியில் பாதியை இறக்கித் தம் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். அவருடைய மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தை மாதத்துக்குள் செலுத்த வேண்டியிருந்தது. குதிரை நின்றுவிட்டால் வருமானமும் நின்றுவிடும்.

அரசு கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். குளம்பைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். கணுக்காலின் பின்புறம் விரலை வைத்து நாடி பார்த்தார். இடுக்கி போன்ற ஒரு கருவியால் குளம்பை இடம் இடமாக அழுத்தி, குதிரை எங்கே காலை இழுக்கிறது என்று கவனித்தார். குளம்புக்குள் சீழ் கட்டியிருந்தாலும் குதிரை நொண்டும். குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைத்திருக்கும் திசு அழற்சியுற்றாலும் நொண்டும். பின்னது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே, நொண்டும் குதிரைக்கு உறை வாங்கி மாட்டுவதற்கு முன் காரணத்தை அறிய வேண்டும் என்றார். மயிலைக்கு அந்த இரண்டும் இல்லை. அடிப்பாதம் தேய்ந்து மெலிந்து, கல் குத்திக் கன்றிப்போயிருந்தது. சில நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, ஆணி அடிக்காமல் வாரால் கட்டும் குளம்புக் காலணியைப் பயன்படுத்தலாம் என்று சொன்னார்.

குதிரைக்குக் காலணியா என்று நம்மில் சிலர் சிரித்தோம். ஆனால் இது பழமையானது. ரோமர் ஆட்சி செய்த நாடுகளில், குளம்பின் கீழே வைத்து வாரால் கட்டும் இரும்புச் செருப்புகள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கின்றன. அதற்கும் முந்தைய கிரேக்கரான செனபோன், வெறுங்குளம்பு உறுதிப்பட வேண்டுமானால் உருண்டைக் கற்கள் பரப்பிய தரையில் குதிரையை நிற்க வைக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். இக்காலத்துக் காலணிகள் ரப்பராலும் உறுதியான பிளாஸ்டிக்காலும் ஆனவை. வேலை நேரத்தில் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம்.

இங்கேதான் என் தவறு தொடங்குகிறது. மருத்துவர் சொன்னதை அறிவித்த ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் தாராளமாகக் கொடுத்தீர்கள். அன்று இரவே நான் கைப்பேசியில் தேடி, படத்தைப் பார்த்து, நடுத்தரமாகத் தோன்றிய ஓர் அளவில் முன்கால்களுக்கு ஒரு ஜோடி வாங்க ஏற்பாடு செய்தேன். அளவு கேட்டிருந்த கட்டத்தைக் கவனித்தேன். குரங்கணிக்குப் போய் அளந்து வருவதற்கு ஒரு நாள் ஆகும். கிறிஸ்துமஸ் வேலைகள் தலைக்குமேல் இருந்தன. சற்றுப் பெரிதாக இருந்தால் வாரை இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெட்டி வந்ததும் சகோதரரையும் குதிரையையும் நிறுத்திப் படம் எடுத்து, சபையின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். ஸ்தோத்திரம் என்று பலர் பதில் எழுதினீர்கள். எனக்கு மிகுந்த மனநிறைவு.

இரண்டு வாரங்களுக்குப் பின் கால்நடை மருத்துவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கொஞ்சம் வந்து பார்க்கும்படி சொன்னார். போனேன். மயிலையின் இரு முன்கால்களிலும் குதிகாலின் மென்மையான மேடுகள் உரிந்து சிவந்திருந்தன. காலணி பெரிதாக இருந்ததால் ஒவ்வோர் அடியிலும் சுழன்றிருக்கிறது. இறுகக் கட்டிய வார் தோலை அறுத்திருக்கிறது. இடைவெளியில் புகுந்த பொடிக்கல் உள்ளேயே இருந்து அரைத்திருக்கிறது. முன்பு குளம்பின் அடியில் மட்டும் வலி இருந்தது. இப்போது மேலேயும் காயம்.

“இது எப்போதிருந்து?” என்று கேட்டேன்.

சகோதரர் தலை குனிந்துகொண்டு, “மூணாம் நாளே தெரிஞ்சிருச்சு ஐயா,” என்றார்.

“ஏன் கழற்றவில்லை? ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“சபை கொடுத்தது ஐயா. நீங்க படம் வேற எடுத்துப் போட்டீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? கால் அதுக்குப் பழகிரும்னு பார்த்தேன்.”

அன்பானவர்களே, நான் ஊழியத்தில் பல கடினமான சொற்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் இந்த மெதுவான பதிலைப் போல் என்னைத் தாக்கியதில்லை. அந்தச் சகோதரர் ஏழு ஆண்டுகளாக மயிலையின் பக்கத்தில் நடக்கிறவர். அது வலிக்கும் காலைத் தூக்கும்போது அவருக்கும் வலித்திருக்கும். ஆயினும் என் மனம் நோகக்கூடாது என்பதற்காகக் குதிரையின் கால் நோவதை அவர் பொறுத்துக்கொண்டார். என் ஈகை அவருடைய வாயை அடைத்துவிட்டது.

பிலேயாமின் கழுதையை நினைத்தேன். எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் அந்தக் கழுதை வழியில் நிற்கும் தேவதூதனைக் காண்கிறது, விலகுகிறது, சுவரோடு ஒட்டுகிறது, படுத்துவிடுகிறது. தீர்க்கதரிசியோ மூன்று முறை அடிக்கிறான். மிருகத்துக்குத் தெரிந்தது அதன்மேல் இருந்தவனுக்குத் தெரியவில்லை. மயிலையும் பேசிக்கொண்டுதான் இருந்தது. அடியைக் குறுக்கியது ஒரு பேச்சு. புல்லைத் தேடி மிதித்தது ஒரு பேச்சு. நான் கேட்கும் தூரத்தில் இல்லை.

மருத்துவர் காலணிகளைக் கழற்றிக் காயத்தைச் சுத்தம்செய்து மருந்திட்டார். தோல் முழுவதும் ஆறும்வரை வேலை கூடாது என்றார். அப்போதுதான் முதன்முறையாக அந்தச் சகோதரரிடம் நான் கேட்டேன்: “உங்களுக்கு என்ன தேவை?” அவர் சற்று யோசித்து, காலணியைப் பற்றி எதுவும் சொல்லாமல், “மூணு வாரத்துக்கு ஒரு கோவேறு கழுதைய வாடகைக்கு எடுக்கணும் ஐயா. அப்புறம் மயிலைக்குக் கொஞ்சம் கொள்ளும் தவிடும்,” என்றார். அவர் கேட்ட தொகை நான் காலணிக்குச் செலவழித்ததைவிடக் குறைவு. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். எரிகோவின் வழியோரம் உட்கார்ந்திருந்த பார்வையற்ற பர்திமேயுவை நம் ஆண்டவர் அழைத்து, தாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதாக மாற்கு 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கண் தெரியாதவனுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். தெரியாத நான் கேட்கவில்லை.

காயம் ஆறியபின், தை மாதத்தின் கடைசி வாரத்தில், காலணியை முறைப்படி தெரிவுசெய்தோம். முதலில் குளம்பைச் சீவி அரத்தால் சமன்செய்தார் மருத்துவர். குளம்பு நம் நகத்தைப் போல் வளர்ந்துகொண்டே இருப்பது. சீவிய சில நாட்களுக்குள் எடுத்த அளவே நம்பத்தக்கது. பின்பு சமதரையில் ஓர் அட்டையை விரித்து, அதன்மேல் காலை ஊன்றவைத்து, குளம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொன்னார். கோடு போட்டவன் நான். அகலம் குளம்பின் மிக அகன்ற இடத்தில். நீளம் முன்நுனியிலிருந்து குதிப்பக்கத்தில் குளம்புச் சுவர் தரையைத் தொட்டு முடியும் இடம் வரை. மென்மையான குதிமேடுகளை நீளத்தில் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் காலணி பெரிதாகிவிடும்.

இடக்குளம்பின் அகலம் 108 மில்லிமீட்டர், நீளம் 115. வலக்குளம்பின் அகலம் 113, நீளம் 116. சகோதரர் அந்த அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டும் ஒரே அளவு இல்லைன்னு இன்னைக்குத்தான் ஐயா தெரியுது,” என்றார். நான் முன்பு வாங்கியதோ 125 மில்லிமீட்டர் அகலமுள்ள குளம்புக்கு உரியது. நாட்டுக் குதிரையின் குளம்பு சிறியது, ஒடுங்கியது.

பின்னங்கால்களை அப்படியே விட்டுவிடலாம் என்றார் மருத்துவர். குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்களே தாங்குகின்றன; மயிலையின் பின்குளம்புகள் கெட்டியாகவே இருந்தன. காலணியின் அடிப்பக்கம் வழுக்குப் பாறையைப் பற்றும்படி ஆழமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஓடையைக் கடக்கும்போது புகும் நீர் வடிய ஓட்டைகள் இருக்க வேண்டும். மேல்விளிம்பு குதிமேட்டில் உரசாத உயரத்தில் இருக்க வேண்டும். மாட்டியபின் கையால் முறுக்கிப் பார்த்தால் சுழலக்கூடாது. முதல்நாள் பொதியில்லாமல் சிறிது நேரம் நடத்தி, கழற்றித் தோலைத் தடவிப் பார்க்க வேண்டும். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்ட வேண்டும். மாலையில் கட்டாயம் கழற்றிக் கழுவி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடிக்கிடக்கும் குளம்பு அழுகத் தொடங்கும். இவ்வளவையும் அவர் சொல்லச்சொல்ல, இடது காலுக்கு ஓர் அளவும் வலது காலுக்கு வேறோர் அளவுமாக இரண்டு காலணிகளை வரவழைத்தோம். பொருந்தாத பழைய ஜோடியை, பெரிய குதிரை வைத்திருக்கும் ஒருவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டோம். நட்டத்தை என் சம்பளத்திலிருந்து சபைக் கணக்கில் செலுத்திவிட்டேன் என்பதையும் இங்கே தெரிவிக்கிறேன்.

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தபோது கண்டதை எழுதியிருக்கிறார். மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்தார்கள். பேணத் தெரிந்தவர்கள் இல்லாமையால் அவற்றில் பெரும்பாலானவை விரைவில் மடிந்தன. விற்பனை குறையாதிருக்கும்படி, குதிரைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவிடவில்லை என்கிறார். வாங்குவதற்குப் பொன் தாராளமாக இருந்திருக்கிறது. குனிந்து காலைப் பார்க்க ஆள் இல்லை. அந்தப் பகுதியை வாசித்தபோது, கைப்பேசியில் பொத்தானை அழுத்திய என் விரல்தான் என் நினைவுக்கு வந்தது.

ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள். ஏசா 400 பேரோடு எதிர்கொண்டு வருகிறான். சகோதரர் இருவரும் கட்டித் தழுவி அழுகிறார்கள். சேர்ந்து புறப்படலாம் என்று ஏசா அழைக்கிறான். அது அன்பான அழைப்புத்தான். யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள், கறவையான ஆடுமாடுகள் உடன் இருக்கின்றன, ஒரேநாள் விரட்டினாலும் மந்தை மாண்டுபோகும், அவற்றின் நடைக்குத் தக்கபடி மெதுவாக வருகிறேன் என்கிறார். இதைச் சொல்கிறவர் யார்? முந்தைய இரவில் பெனியேலில் தொடைச்சந்து சுளுக்கிக்கொண்டு, தாமே நொண்டி நடக்கிற மனிதர். தம் காலில் வலி வந்தபின் அவருக்குப் பின்னால் வருகிறவர்களின் கால்கள் தெரிகின்றன. அதன்பின் அவர் போய்த் தங்கிய இடத்தில் தம் மிருகங்களுக்குக் கொட்டகைகள் போடுகிறார். அந்தக் கொட்டகைகளாலேயே அந்த ஊர் சுக்கோத் என்று பெயர் பெறுகிறது. ஆடுமாடுகளுக்கு நிழல் கொடுத்ததை ஓர் ஊரின் பெயராகவே வேதம் காத்துவைத்திருக்கிறது.

நாற்பது வருட வனாந்தர யாத்திரையில் இஸ்ரவேலரின் கால்கள் வீங்கவில்லை என்று உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே நினைப்பூட்டுகிறார். செங்கடலைப் பிளந்த தேவன், மக்களின் கால் வீக்கத்தையும் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது எனக்குப் பெரிய ஆறுதல்.

மயிலை இன்று மலையேறுகிறது. பழைய சுமையில் முக்கால்பங்குதான் ஏற்றுகிறார் சகோதரர். மகளின் கட்டணம் சற்றுத் தாமதமாகச் செலுத்தப்பட்டது. முழுச் சுகம் வந்துவிட்டது என்று நான் சாட்சி சொல்லமாட்டேன். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்கிறது. பிளந்த சுவர் முழுவதும் கீழிறங்கித் தேய்ந்து, புதுச் சுவர் தரையைத் தொட ஏறக்குறைய ஓராண்டு ஆகும். புதுக்குளம்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் மெல்லிய வளையம் ஒன்று சுவரில் தெரிகிறது. குரங்கணிக்குப் போகும்போதெல்லாம் சகோதரர் காலைத் தூக்கி அதை எனக்குக் காட்டுகிறார். சென்றமுறை அது பாதியைத் தாண்டியிருந்தது.

பென்சில் கோடு போட்ட அந்த அட்டையை அவரிடம் கேட்டு வாங்கி, என் பிரசங்கக் குறிப்புகளோடு வைத்திருக்கிறேன். யாருக்காவது உதவி செய்யப் புறப்படும்போது அதை எடுத்துப் பார்க்கிறேன். நீங்களும் இந்த வாரம் ஒருவருக்கு ஏதேனும் கொடுக்க நினைத்திருந்தால், அதற்குமுன் அவரிடம் போய் ஒரு கேள்வி கேளுங்கள். கொடுத்து முடித்தவர்கள், அது பொருந்தியதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பொருந்தவில்லை என்று அவர் சொல்ல இடங்கொடுங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பாதங்களின் அளவை அறிந்த பிதாவே, எங்கள் அவசரத்தினால் நாங்கள் காயப்படுத்தியவர்களை நீர் ஆற்றியருளும். எங்களிடம் குறையைச் சொல்லத் தயங்குகிறவர்களின் மௌனத்தை நாங்கள் உணரச் செய்யும். பின்தங்கி வருகிறவர்களின் நடைக்கு எங்கள் நடையைத் தாழ்த்தும். பேசமுடியாத ஜீவன்களையும் உம்முடைய இரக்கத்தில் நினைத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.